ஏழு படம், நாற்பத்திரண்டு விநாடி: கரடியிடம் போகாத குட்டி

என் கைப்பேசியில் ஏழு படம் இருக்கிறது. முதல் படத்துக்கும் ஏழாவது படத்துக்கும் நடுவே நாற்பத்திரண்டு விநாடி. அந்த நாற்பத்திரண்டு விநாடிக்குப் பிறகு ஒரு பிள்ளை மூன்று வாரம் பாட்டி வீட்டு வாசலைத் தனியாகத் தாண்டவில்லை. நடந்தது என்ன, பிறகு என்ன செய்தோம், எதில் சறுக்கினோம் என்று எழுதி வைக்கிறேன்.

பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது பத்து மாதம். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள், இங்கேயும் அதுவே இருக்கட்டும். அவள் அண்ணனுக்கு ஐந்து வயது. நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் படிக்கிறான். ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். வெளியூர்க்காரர்களுக்கு இது 1948 ஜூனில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் தொடங்கிய ஊர். எங்களுக்கு இது ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களும் நடுவில் ஒரு கடைத்தெருவும். குட்டியின் அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. பகலெல்லாம் குட்டி தோட்டத்து வீட்டில் பாட்டியோடு இருப்பாள். பாட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் விடியுமுன்னே கொண்டுவந்து விட்டுப் போகிற கைக்குழந்தைகளை ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சமாளித்தவர். அவரிடம் பின்னால் வருகிறேன்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் பள்ளியில் ஒரு சுற்றுலா போட்டோம். குடும்பத்தோடு வரலாம் என்றதால் இவர்கள் வீட்டிலிருந்து ஐந்து பேரும் பேருந்தில் ஏறினார்கள். தெற்கே இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. பெயர் வேண்டாம். வேறு எந்தப் பூங்காவாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், தவறில் பாதி என்னுடையது.

ஆறு மணிக்குப் பேருந்து கிளம்ப வேண்டும் என்பதால் குட்டியை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டார்கள். வழியில் பாதி ரொட்டி சானாய், நாலு மடக்கு மைலோ. அவள் வழக்கமாகத் தூங்குவது பதினொன்றரைக்கு. நாங்கள் கரடி வேஷக்காரரோடு படம் எடுக்கும் வரிசையில் நின்றது பதினொன்றே முக்காலுக்கு, வெயிலில், இருபது நிமிஷம்.

இப்போது படங்கள்.

முதல் படத்தில் அப்பா தோளில் இருக்கிறாள், கை அவர் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறது. முகத்தில் பயம் என்று சொல்ல முடியாது. உற்றுப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இரண்டாவதில் அப்பா அவளைத் தரையில் இறக்கிவிட்டார். கரடிக்கும் அவளுக்கும் ஒரு முழம். நீலச் சட்டை, கூடை அகலத் தலை, இமைக்காத கண், மூடாத சிரிப்பு, விரித்த இரண்டு கை. மூன்றாவதில் குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு இதை நான் வெட்கம் என்று நினைத்தேன். "டீச்சர் இருக்கேன்ல, நிமிர்ந்து சிரிம்மா" என்று சொன்னது நான்தான். நான்காவதில் கரடி அவள்மேல் குனிகிறது. ஐந்தாவதில் வாய் கிழிய அழுகை; பின்னால் அம்மா சிரிக்கிறார், நானும் சிரித்திருப்பேன். ஆறாவதில் அப்பாவின் உள்ளங்கை அவள் முதுகில் இருக்கிறது, முன்னால் தள்ளுகிறது. பாட்டி விரலை நீட்டி, "பூச்சாண்டி இல்லடா, கரடி மாமாடா" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவதில் அப்பாவின் முதுகுதான் தெரிகிறது, தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கரடி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

குட்டி காற்சட்டையை நனைத்துவிட்டாள். மாற்றி விட்டோம், தூங்கினாள். பேருந்தில் வரும்போது எல்லாரும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

வேடிக்கை வீட்டுக்கு வந்ததும் முடிந்தது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அலறினாள். கழிப்பறைக்குத் தனியாகப் போகமாட்டேன் என்றாள். தலைக்கவசம் போட்டு எரிவாயுத் தோம்பு கொண்டுவந்த ஆளைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். ஆனால் என்னைக் கூப்பிட்டு விடும் அளவுக்கு வீட்டாரைக் கலக்கியது அத்தை விஷயம்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். முகமூடி, கண்ணாடி, ஏப்ரன், கையுறை, மஞ்சள் பூட்ஸ். வேலை முடிந்து அந்தக் கோலத்தில் அவர் வருவதைக் குட்டி பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவர் வாசலில் வந்து நின்றதும் வீல் என்று கத்தினாள். அத்தை பதறிப்போய் முகமூடியைக் கழற்றி, "அத்தைடா செல்லம், அத்தை" என்று கூப்பிட்டார். அப்போதும் கிட்டே வரவில்லை. குளித்துச் சேலை மாற்றி வந்த பிறகும் பத்து நிமிஷம் பாட்டி மடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ கண்ணுல நான் அத்தையா இல்ல டீச்சர்" என்று சொல்லும்போது அந்தம்மாவின் குரல் உடைந்தது.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்தேன், ஏனென்றால் அது உண்மை. 1969-இல் ரீட்டா டி விரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேனார்ட் என்று ஒரு சாதுவான பூனை. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் அதைத் தடவி விளையாடுவார்கள். பிறகு அதன் தலைப் பக்கத்தை மறைத்து, மூர்க்கமான நாயின் முகமூடி ஒன்றை மாட்டிக் காட்டுவார்கள். உடம்பும் வாலும் பிள்ளையின் கண்முன்னேயே இருக்கும். ஆறு வயதுக்காரர்கள் பெரும்பாலும் இது அதே பூனைதான் என்றார்கள். மூன்று வயதுக்காரர்களில் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது. குரைக்கும் என்றார்கள், கடிக்கும் என்று பயந்தார்கள். நமக்கு வேஷம் என்றால் உள்ளே ஓர் ஆள், வெளியே ஒரு தோல். அந்த வயதுக்கு அந்த உள்ளும் வெளியும் இன்னும் பிரியவில்லை. முகம் மாறினால் ஆள் மாறியாச்சு. "உள்ள ஒரு அண்ணன்தாண்டா இருக்காரு" என்று ஆறுதல் சொல்கிறோம். கரடி ஓர் அண்ணனை விழுங்கிவிட்டதாக அவள் எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு.

கைப்பேசியில் பார்த்துச் சிரித்த கரடிதானே என்று அம்மா கேட்டார். கைப்பேசியில் அது உள்ளங்கை அளவு. பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடலாம். பூங்காவில் அது அப்பாவைவிட உயரம், தள்ளவும் முடியாது. அதோடு, அந்த முகத்தில் எதுவும் மாறாது. பிள்ளை அழுதாலும் அதே சிரிப்பு. பச்சைக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து ஒரு முகத்தைப் பார்த்து, அது நம் முகத்துக்குப் பதில் சொல்கிறதா என்று கவனித்தே மனிதர்களை அறிந்துகொண்ட பிள்ளைக்கு, பதில் சொல்லாத முகம் சும்மா ஒரு பொம்மை முகம் இல்லை.

பூச்சாண்டிக்கு வருவோம். பாட்டியிடம் நான் கேட்டேன், வீட்டில் அந்தப் பேச்சு உண்டா என்று. "சோறு ஊட்டுறப்ப சொல்றதுதான் டீச்சர். வாயத் தொற, இல்லன்னா பூச்சாண்டி வந்து தூக்கிட்டுப் போயிருவான்னு. எம்புள்ளைங்களுக்கும் சொன்னேன், கொட்டகையிலயும் சொன்னேன்." தமிழ் வீட்டில் பூச்சாண்டியைக் கூப்பிடாமல் வளர்ந்த பிள்ளை அபூர்வம். யாரும் பார்த்ததில்லை, பெரிதாக இருப்பான், முகம் சரியாகத் தெரியாது, சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான். இரண்டு வருஷம் இதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டினோம். பிறகு ஒருநாள் முகமில்லாத பெரிய உருவம் ஒன்று இரண்டு கையையும் விரித்து நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அவளைத் தூக்கி அதன் கையில் கொடுக்கப் பார்த்தோம். பூச்சாண்டி என்ற சொல்லை அந்த நேரத்தில் சொல்லியும் விட்டோம். "இல்லடா" என்பது அவள் காதில் விழுந்திருக்காது.

நான் பாட்டியைக் குறை சொல்ல வரவில்லை. ஆறாவது படத்தில் என் கையும் இருக்கிறது, கேமராவைப் பிடித்தபடி. தெரியாத ஒன்றைப் பார்த்தால் குழந்தை முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கும். 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய குழுவினரும் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஒரு சிறு பள்ளம் இருப்பதுபோல் தெரியும். மறுபக்கம் அம்மா நிற்பார். அம்மா சிரித்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து தாண்டினார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. குட்டி எங்களைத் திரும்பிப் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பாள்? அவள் அழும்போது சிரிக்கிற நான்கு பேர். ஐந்தாவதாகக் கரடி.

பாட்டி முதலில் கோயிலுக்குக் கூட்டிப் போய் விபூதி மந்திரித்துப் போட்டார். இதை இளக்காரமாகப் பார்க்கிற டீச்சர்மார் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. பயந்த பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆனால் அதற்குப் பிறகு பாட்டியின் பதற்றம் அடங்கியது. பதறாத மடியில் பிள்ளை கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள்.

எனக்குத் துணை வந்தது 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் எழுதிய ஒரு நிகழ்வு ஆய்வு. அதற்கு நான்கு வருஷம் முன்பு ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டிப் பயம் ஏற்றியிருந்தார்கள். இன்றைக்கு யாரும் அனுமதிக்காத வேலை. அந்தப் பயம் முயலுக்கும் நாய்க்கும் தாவி, தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிவரை போனது. கரடியிலிருந்து தலைக்கவசத்துக்கும் தலைக்கவசத்திலிருந்து அத்தைக்கும் போனதுபோலத்தான். ஜோன்ஸ் அதற்கு எதிர்த்திசையில் போனார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற பையன் பிடித்த தின்பண்டம் சாப்பிடும்போது, கூண்டில் முயலை அறையின் கோடியில் வைத்தார். அவன் தாங்கும் அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார். ஆரம்பித்தபோது பீட்டருக்கு வயது இரண்டு வருஷம் பத்து மாதம். குட்டியின் அதே வயது என்பதால் அந்தக் கட்டுரை என் மேசையிலேயே கிடந்தது.

இதைப் பாட்டியிடம் விளக்கியபோது அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். "கொட்டகைக்குப் புதுசா ஆயா வந்தா என்ன பண்ணுவா தெரியுமா டீச்சர்? புள்ளயத் தூக்கவே மாட்டா. முதுகக் காட்டி உக்காந்து கீரை ஆய்வா. ரெண்டு நாள்ல அதுங்களே வந்து முந்தானையப் புடிக்கும்." இவ்வளவு தெரிந்தவர் பூங்காவில் ஏன் விரலை நீட்டிக்கொண்டு நின்றார் என்று கேட்டேன். "படம் புடிக்கிறாங்களேன்னுதான்" என்றார். அதுதான் உண்மையான காரணம், எங்கள் எல்லாருக்குமே.

முதலில் பூச்சாண்டி நின்றான். சோறு ஊட்டும் நேரம் ஒரு வாரம் கால்மணி கூடியது, பிறகு சரியாகிவிட்டது. அடுத்தது அத்தை. மருந்து படாத புது முகமூடி ஒன்று வாங்கி, வீட்டுச் சேலையோடு, முற்றத்தின் கோடியில் உட்கார்ந்து மாட்டுவார், கழற்றுவார். குட்டியைப் பார்க்கமாட்டார். மூன்றாம் நாள் குட்டி பாட்டியிடம் மெல்லச் சொன்னாளாம்: "அத்த பூட்சு." காலில் மஞ்சள் பூட்ஸ் இருந்தது. முகம் மாறியும் மாறாத ஒன்றை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். பாட்டி சொன்னதும் நான் கைப்பேசியை எடுத்து மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் வெட்கப்பட்டுக் குனியவில்லை. கரடியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதாவது தெரிகிறதா என்று தேடியிருக்கிறாள். நான்தான் நிமிரச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பள்ளியில் முன்பு படித்த பையன் ஒருவன் ஈப்போவில் பேரங்காடி நிகழ்ச்சிகளுக்கு மாஸ்கோட் வேஷம் போடுகிறான். முதலாளியிடம் கேட்டு முயல் வேஷத்தைச் சனிக்கிழமைகளில் கொண்டுவந்தான். அவன் சொன்ன சில விஷயங்கள் எனக்குப் புதிது. உள்ளிருந்து பார்ப்பது பெரும்பாலும் வாயில் இருக்கும் வலை வழியாக. நெஞ்சுக்குக் கீழே எதுவும் சரியாகத் தெரியாது. காலடியில் நிற்கும் பிள்ளையின் முகம் அவனுக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் பக்கத்தில் ஓர் ஆள் கூடவே வருவார். உள்ளே வேர்த்து ஊற்றும், இருபது நிமிஷத்துக்குமேல் தாங்குவது கஷ்டம். "பெரிய பிள்ளைங்களுக்குக் கையை விரிக்கலாம் டீச்சர். குட்டிப் பிள்ளைங்கன்னா நான் முட்டி போட்டு, பக்கவாட்டுல திரும்பி, ஒரு கைய மட்டும் ஆட்டுவேன். கூட நிக்கிற ஆள் எனக்குச் சொன்னாத்தானே பிள்ளை சின்னதுன்னே தெரியும்." நீலச் சட்டைக் கரடி முகத்தைப் பொத்திக்கொண்டது நடிப்பா, உண்மையாகவே பதறியதா என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

முதல் சனிக்கிழமை முயல் தலை மட்டும் கூடத்தின் கோடியில் மேசைமேல். குட்டி வாசற்படியில், மைலோவும் வேர்க்கடலையும். பாட்டி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். அண்ணன் போய்த் தலைக்குள் கையை விட்டான், மூக்கைத் தட்டினான். அரைமணி நேரம், வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை அவள் சிரித்தாள். நான் அவசரப்பட்டேன். மேசையை நான்கு அடி கிட்டே தள்ளினேன். ஒரே ஓட்டம், ரோட்டுவரை. அடுத்த வாரம் வாசற்படிக்கே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றாள். பீட்டர் கதையிலும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு. நடுவில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இருந்துவிட்டு, அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் பாய, பயம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதைப் படித்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இங்கே பாய்ந்த நாய் நான்.

அதற்குப் பிறகு மேசையை நகர்த்தும் உரிமை குட்டிக்கு. "கிட்ட வரலாமா, வேணாமா?" வேண்டாம் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. ஐந்தாவது சனிக்கிழமை அவளே "வா" என்றாள். அதற்கடுத்த வாரம் பையன் அவள் கண்முன்னே வேஷம் போட்டான்: முதலில் முயல் கால், அதில் அவனுடைய விளையாட்டுச் சப்பாத்து நுழைவதைப் பார்க்க விட்டான், பிறகு உடம்பு, கை, கடைசியில் தலை. மாயம் கலைந்துவிடாதா என்று என் சக டீச்சர் ஒருவர் கேட்டார். மூன்று வயதுக்கு அது மாயமே இல்லை, கலைய என்ன இருக்கிறது? ஐந்து வயது அண்ணனோ எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்துவிட்டு, முயலிடமே போய் "உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

குட்டி முயலைக் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று அடி தள்ளி நின்று ஒரு வேர்க்கடலையைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அதோடு சனிக்கிழமைகளை நிறுத்திக்கொண்டோம்.

டிசம்பர் கடைசியில் அவர்கள் வேறொரு பூங்காவுக்குப் போனார்கள், நான் போகவில்லை. போகுமுன் அப்பாவிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: வேஷக்காரர்கள் வரும் நேரம் நுழைவாயிலிலேயே போட்டிருப்பார்கள், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வருகிற நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்காமல் முதலில் தள்ளி நின்று மற்றப் பிள்ளைகளைப் பார்க்கட்டும். உங்கள் தோளிலிருந்து அவள் கேட்காமல் இறக்காதீர்கள். கூட நிற்கும் ஆளிடம் போய், தூரத்திலிருந்து கை ஆட்டினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். முப்பது அடி தூரத்தில் ஒரு புலிக்குக் கை ஆட்டினாளாம், புலியும் ஆட்டியதாம். அந்தப் படத்தில் புலி ஒரு கட்டைவிரல் அளவு. பாட்டி அதைத்தான் பிரேம் போட்டு வைத்திருக்கிறார்.

எல்லாப் பிள்ளைக்கும் இது இவ்வளவு நாள் எடுக்காது. பலருக்கு மூன்றரை, நான்கு வயதில் தானாகவே தெளிந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலும் பயம் குறையாமல் தூக்கம், சாப்பாடு, வெளியே போவது எல்லாம் தடைப்பட்டால் அரசு கிளினிக்கில் காட்டிக் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். சத்தம், கூட்டம், தொடுகை எதையும் தாங்காத பிள்ளை என்றால் இன்னும் முன்னாலேயே.

பிப்ரவரியில் சீனப் பெருநாளுக்குக் கடைத்தெருவில் சிங்க ஆட்டம். மேளச் சத்தம் கேட்டு நான் மளிகைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத் தூணுக்குப் பின்னால் பாட்டியும் குட்டியும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றவள், சிங்கம் வாயைப் பிளந்து அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டென்று குந்தினாள். எனக்குத் திக் என்றது. அவள் தலையைச் சாய்த்து, தொங்குகிற மஞ்சள் முடிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, நாலு காலு. ரெண்டு அண்ணன்."

மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது.

"பின்னாடி அண்ணன் சப்பாத்துக் கயிறு கட்டவே இல்ல."